சுவர்க்காரரின் கெர்னல்

அந்த அலுவலகத்தில் அவருக்குச் சுவர்க்காரர் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு சரி. எந்தக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும், உணவுக்கூடத்தில் மேசைகளை எப்படிப் போடுவது என்பது உட்பட, "நடுவுல ஒரு சுவர் வேணும்" என்றுதான் முடிப்பார். ஒரு நாள் யாரோ கேலியாக அப்படிக் கூப்பிட்டார்கள். அவரும் சட்டென்று திரும்பிப் பார்த்துத் தொலைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

மனிதர் தங்கம். ஆனால் பக்கத்தில் உட்கார முடியாது. காலை ஆட்டிக்கொண்டே இருப்பார்; அந்த வரிசையில் இருப்பவர்களின் டம்ளர் தண்ணீரெல்லாம் நடுங்கும். பேச ஆரம்பித்தால் எழுந்துவிடுவார், எழுந்தால் நடப்பார், நடந்தால் கையிலிருக்கும் சாவிக்கொத்தைக் குலுக்குவார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "பூட்டுக்கே இவர் மேல சந்தேகம் வந்துடுச்சு" என்பாள் மனைவி. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். முன்பின் தெரியாதவர்களிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பி நாள் முழுக்க நிம்மதியாக உட்கார்ந்திருப்பவள். அவளுக்கு இப்படி ஒரு புருஷன் வாய்த்தது விதி என்று சொல்வதா, அவளுடைய அண்ணன் செய்த வேலை என்று சொல்வதா?

அண்ணன் செய்த வேலைதான். சுவர்க்காரரின் அதே அலுவலகத்தில், எதிர் மேசையில் இருப்பவர் அவர். "பையன் கொஞ்சம் பறப்பான், ஆனா பொய் பேச மாட்டான்" என்று தங்கையிடம் சொல்லிக் கல்யாணத்தை முடித்து வைத்தவர். இன்று வரை மாப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்பவரும் அவர்தான்.

சண்டை சொத்துக்காக இல்லை. கெர்னலுக்காக.

அவர்கள் நிறுவனம் செய்வது மருந்து ஏற்றும் பம்ப். நோயாளியின் கட்டிலருகே கம்பியில் மாட்டி நிற்குமே ஒரு பெட்டி, குழாய் வழியாக மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்புக்குள் தள்ளிக்கொண்டு, அதுதான். அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கணினி இருக்கிறது. கணினி என்றால் அதை ஆள ஓர் இயங்குதளம் வேண்டும். அந்த இயங்குதளத்தின் அடிமடிதான் கெர்னல். யாருக்கு எவ்வளவு இடம், யார் எதைத் தொடலாம், யார் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றெல்லாம் தீர்மானிப்பது அதுதான். அதற்கு மேலே முறையிட ஆளில்லை. அது தவறினால் எல்லாம் தவறும்.

மச்சானுடைய கட்சி, எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கட்டும் என்பது. பம்பின் ஒவ்வோர் உறுப்பையும் இயக்கும் நிரலுக்கு ட்ரைவர் என்று பெயர். மோட்டாரை ஓட்டும் ட்ரைவர், அழுத்தத்தைப் பார்க்கும் ட்ரைவர், திரைக்கு ஒன்று, வயர்லெஸ்ஸுக்கு ஒன்று, அத்தனையும் கெர்னலுக்குள்ளேயே. கூப்பிட்டால் உடனே வருவார்கள். வேலை மளமளவென்று நடக்கும். உலகத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சுவர்க்காரரின் கட்சி நேர் எதிர். கெர்னல் உள்ளங்கை அளவு இருந்தால் போதும். மற்ற எல்லா ட்ரைவர்களும் வெளியே, ஆளுக்கொரு தனி அறையில். ஒருவருக்கு ஒன்று வேண்டுமென்றால் கெர்னல் வழியாகச் செய்தி அனுப்பிக் கேட்க வேண்டும்.

"வயர்லெஸ் வழியா ஒரு திருடன் நுழையறான்னு வைங்க மச்சான்," என்பார், நடந்துகொண்டே. "உங்க வீட்டுல அவன் நேரா மோட்டார்கிட்ட போயிடுவான். மருந்தோட அளவை மாத்திடுவான். என் வீட்டுல அவன் வயர்லெஸ் ரூமை விட்டு வெளிய வர முடியாது."

"உங்க வீட்டுல தண்ணி குடிக்கணும்னாக்கூடக் கதவைத் தட்டி மனு குடுக்கணுமே மாப்ள. நோயாளி அதுவரைக்கும் தாங்கணுமில்ல?"

"ஒருத்தன் விழுந்தா மொத்த வீடும் விழணுமா?"

"விழுந்தா சத்தமாவது கேக்கும். உக்காருங்க மொதல்ல, தலை சுத்துது."

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லையே. ஒருவராவது முட்டாளாக இருந்திருந்தால் இந்த வழக்கு எப்போதோ முடிந்திருக்கும். இது அலுவலகத்தில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசை வரை வந்து, மனைவி "நான் சொல்லிக்குடுக்கற ட்ரைவருங்களே தேவலாம், ரெண்டு பேரும் தட்டைப் பாத்துச் சாப்பிடுங்க" என்று பிரேக் போட்டால்தான் நிற்கும்.

சுவர் மேல் அவருக்கு ஏன் இத்தனை பித்து என்று மச்சானுக்குக்கூடத் தெரியாது. மனைவிக்கு மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவர் வளர்ந்தது ஒற்றை அறை வீடு. அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தவர். அடித்தவர் இல்லை, குடித்தவர் இல்லை, கோபக்காரர், அவ்வளவுதான். ஆனால் ஒற்றை அறையில் ஒருவரின் கோபம் எல்லோர் தட்டிலும் விழும். மாலையில் வாசலில் அப்பா செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கு அம்மாவும் பிள்ளைகளும் காது கொடுத்திருப்பார்கள். இரண்டு செருப்பும் சேர்ந்து விழுந்தால் பேசலாம். தனித்தனியாக விழுந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த வயதிலேயே அவர் முடிவு செய்துவிட்டார், தன் வீட்டில் ஒருவர் விழுந்தது அடுத்தவர் மேல் விழக்கூடாது என்று. செய்தும் காட்டினார். இப்போதிருக்கும் வீட்டில் ஆளுக்கோர் அறை. பத்து வயது மகளுக்குத் தனி அறை, உள்ளே தாழ்ப்பாள். வீட்டில் அவர் குரல் உயர்ந்ததே இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

புதிய பம்புக்கு எந்தக் கெர்னல் என்று முடிவு செய்யும் நாள் வந்தது. தலைமைப் பொறியாளர் அம்மா இருவரையும் அழைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோர் முன்னிலையிலும் வாதாடுங்கள், கேட்டுவிட்டு நான் தீர்மானிக்கிறேன் என்றிருந்தார். சுவர்க்காரருக்கு இது வெறும் கூட்டம் இல்லை. கல்யாணமான புதிதில் தொடங்கிய கெர்னல் அது. இன்று தள்ளப்பட்டால் அலமாரிக்குப் போய்விடும். அலமாரிக்குப் போனது எதுவும் அந்த நிறுவனத்தில் திரும்பி வந்ததில்லை.

அவர் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. அதற்குப் பெயர் ஆயா. சின்ன நிரல். எந்த அறையில் எந்த ட்ரைவர் விழுந்தாலும், ஆயா ஓடிப்போய்ப் பழசை எடுத்துப் போட்டுவிட்டு, கண்மூடித் திறப்பதற்குள் புதிதாக ஒன்றைப் பிறப்பித்து விடும். பம்ப் நிற்காது. எல்லோர் கண்ணெதிரிலும் ஒரு ட்ரைவரைக் கொன்று, அது உயிர்த்தெழுவதைக் காட்டினால் வாதாடவே வேண்டியதில்லை என்று அவர் நினைத்தார்.

காலையிலேயே சோதனை அறைக்குப் போய்விட்டார். அங்கே அவருடைய கெர்னல் போட்ட பம்ப் ஒன்று, ஒரு தண்ணீர்ப் பையை நோயாளியாக வைத்துக்கொண்டு, பல மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறைகூட நின்றதில்லை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் பெருமையாகக் காட்டுவார்கள். மச்சானுடைய பம்ப் பக்கத்திலேயே இருந்தது. ஆரம்பத்தில் அது நாலைந்து தடவை மொத்தமாக விழுந்து அறையையே அலறவைத்தது. மச்சான் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து ஒவ்வொரு தடவையும் சரிசெய்தார். சுவர்க்காரர் அப்போது சிரித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எத்தனை தடவை தூக்கிவிட்டோம் என்று ஆயா தனக்குள் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். அதைப் பூஜ்யமாக்கி வைத்தால், எல்லோர் முன்னாலும் கொன்றதும் ஒன்று என்று காட்டும், பார்க்க அழகாக இருக்கும் என்று நினைத்து அதைத் திறந்தார்.

நூற்றுக்கணக்கில் இருந்தது.

முதலில் ஆயாவுக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தார். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். விழுந்ததெல்லாம் ஒரே ஆள், குழாயின் அழுத்தத்தைப் பார்க்கும் ட்ரைவர். அழுத்தமானி எப்போதாவது அர்த்தமில்லாத ஓர் எண்ணை அனுப்புகிறது, அதை வாங்கியதும் ட்ரைவர் பொத்தென்று விழுகிறது, ஆயா தூக்கிவிடுகிறது. மாதக்கணக்கில் இதுதான் நடந்திருக்கிறது. ஏன் யாருக்கும் தெரியவில்லை? ஏனென்றால் ஆயாவின் வாயைக் கட்டியவர் அவரேதான். உருவாக்கிய காலத்தில் வேண்டுமென்றே ட்ரைவர்களைக் கொன்று கொன்று பார்ப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஆயா எல்லோர் கைப்பேசிக்கும் செய்தி அனுப்பி உயிரை வாங்கும். "தூக்கி விட்டாச்சுன்னா அப்புறம் எதுக்கு ஒப்பாரி?" என்று அதை அவர் அடக்கிவைத்தார். விழுந்து எழுந்தால் அது விழுந்த கணக்கே இல்லை என்பது அவர் வேதம்.

எழுந்தால் சரிதானே என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கால் ஆடத் தொடங்கியது. கேள்விக்குப் பதில் அவர் எழுதிய வரிகளிலேயே இருந்தது. அந்த ட்ரைவர் பிறந்ததும் முதல் வேலையாகக் குழாயின் அழுத்தத்தைப் பார்க்கும். அப்போது எவ்வளவு இருக்கிறதோ, அதுதான் சாதாரணம் என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஏறினால்தான் "குழாய் அடைத்துவிட்டது" என்று கத்தும். அப்படியானால், குழாய் அடைத்து அழுத்தம் ஏறியிருக்கும் நேரத்தில் அது செத்துப் பிறந்தால்?

குழாயைக் கையால் மடக்கிப் பிடித்துக்கொண்டு ட்ரைவரைக் கொன்றார். புதிது பிறந்தது. காத்திருந்தார். மோட்டார் முக்கிக்கொண்டே தள்ளியது. மருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. திரை பச்சையாக, எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உண்மையில் கால் மட்டும் ஓடியது. சோதனை அறையின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் நடந்தார். வெளியே போனார், உள்ளே வந்தார். மச்சான் கதவில் தலையை நீட்டினார்.

"சாப்பிட வாங்க மாப்ள. சண்டைக்குப் போறவங்க வெறும் வயித்தோட போகக் கூடாது."

"பசிக்கல."

"பயமா? நான் உங்க மச்சான்தானே, கடிச்சா தின்னுடுவேன்?"

போனார், உட்கார்ந்தார், தட்டில் இருந்ததைப் பிசைந்தார். மனசு அவரிடம் வக்கீலைப் போலப் பேசியது. இன்றைக்குச் சும்மா இரு. ஜெயித்துக்கொள். அழுத்த ட்ரைவரைச் சரிசெய்ய இரண்டு நாள் போதும். வாயைத் திறந்தால் மச்சானுடைய ஒரே வீடுதான் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகும். அதில் வயர்லெஸ் வழியாக ஒருவன் நுழைந்தால் தடுக்க ஒரு தடுப்புகூட இல்லை. அப்போது யார் மேல் பாவம்? இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதனால்தான் அத்தனை இனிப்பாக இருந்தது. ஆனால் ஒரே ஓர் இடத்தில் இடறியது: ஆயா இதை மறைத்து வைத்திருந்தது தெரிந்துவிட்டது. இன்னும் எதையெல்லாம் மறைத்து வைத்திருக்கிறது?

கூட்டத்தில் மச்சான் முதலில் பேசினார். வேகத்தைச் சொன்னார், பல காலம் அடிபட்டுத் தேறியதைச் சொன்னார், திருடன் நுழைந்தால் தன் பக்கம் பலவீனம்தான் என்பதையும் மழுப்பாமல் சொன்னார். பிறகு சுவர்க்காரர் எழுந்தார். சுவர்களைப் பற்றிச் சொன்னார். சொன்னபடியே திரையின் ட்ரைவரைக் கொன்றார். திரை இருண்டது, அடுத்த மூச்சில் மீண்டது. மோட்டார் ஒரு சொட்டும் தவறவில்லை. அறை கைதட்டியது. மச்சானும் தட்டினார். எதிரிக்குத் தட்டும் தட்டு இல்லை அது, தங்கை வீட்டுக்காரர் ஜெயிக்கிறார் என்று மலர்ந்து தட்டியது.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரத்தான் போனார். நாற்காலியைத் தொட்ட கை அங்கே நிற்கவில்லை. திரும்பி வந்து குழாயை மடக்கிப் பிடித்தார்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார். "இப்ப குழாய் அடைச்சிருக்கு. இந்த நேரத்துல அழுத்த ட்ரைவர் விழுந்து எழுந்திரிக்குதுன்னு வைங்க." கொன்றார். "பாத்துட்டே இருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். பச்சை. இன்னும் பச்சை. தலைமைப் பொறியாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் கத்த மாட்டேங்குது?"

"பொறந்தப்பவே அழுத்தத்துல பொறந்துடுச்சு மேடம். அதுக்கு இதுதான் சாதாரணம்."

"இது எப்பவாவது நடக்கிற விஷயமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது. "நூத்துக்கணக்குல விழுந்திருக்கு," என்றார். "சோதனை அறையில மாசக்கணக்கா. யாருக்கும் தெரியல. தெரியாம இருக்கணும்னு ஆயாவோட வாயை நான்தான் கட்டிவெச்சேன்."

யாரும் கைதட்டவில்லை. அம்மா நெடுநேரம் யோசிக்கவில்லை. மச்சானைப் பார்த்து, "உங்க பம்ப்ல இது வருமா?" என்று கேட்டார்.

மச்சான் தலையைச் சொறிந்தார். "இதே தப்பு என்கிட்டயும் இருந்துச்சு மேடம். ஆனா எனக்கு மொத்த வீடும் இடிஞ்சு விழுந்துச்சு. மொத வாரமே மாட்டிக்கிட்டேன்."

இந்தப் பம்புக்கு மச்சானுடைய கெர்னல் என்று தீர்மானமாயிற்று. ஆனால் அது ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் வயர்லெஸ்ஸை என்ன செய்வது என்று பார்க்க வேண்டும் என்றார் அம்மா. சுவர்க்காரரின் கெர்னலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அலமாரி என்ற வார்த்தையை யாரும் சொல்லாததுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

வாசலில் மச்சான் பிடித்துக்கொண்டார். "நாளைலேர்ந்து என் வீட்டுக்குள்ள நீங்கதான் திருடன். எங்கெல்லாம் புகுந்து வர முடியும்னு காட்டுங்க. உங்களை விட்டா வேற எவன் அதுக்குச் சரி?" பிறகு, "நான் தங்கச்சிகிட்ட சொன்னது பொய்யில்லன்னு இன்னிக்குத் தெரிஞ்சுது" என்றார். சுவர்க்காரர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டார். வீட்டுக்குக் கிளம்பினார்.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிட்டார். ஓய்ந்துபோயிருந்தார். கதவைத் திறந்து, சாவிக்கொத்தை வாசல் மேசை மேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, அப்படியே நின்றார். வழக்கமாக அந்த மேசை மேல் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் சாவியைப் போடுவார். போடுவார் என்ன, பல நாள் தூக்கி எறிவார். இன்று அதற்கும் தெம்பில்லை.

மகளின் அறையிலிருந்து குரல் கேட்டது. "அம்மா, அப்பா வரல இன்னும்?"

"நேரம் ஆகலயே. ஏன்?" மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

"கதவு சத்தம் கேட்டுச்சு. சாவி சத்தம் கேக்கல."

தாழ்ப்பாள் விலகியது. மகள் எட்டிப் பார்த்தாள், அவரைக் கண்டதும் திடுக்கிட்டுப் பாதி உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டாள். கண்கள் நேரே பித்தளைக் கிண்ணத்துக்குப் போய்விட்டு அவர் முகத்துக்கு வந்தன.

"சாவியை வெச்சிட்டியாப்பா? போடலயா?"

"ஏன்டா?"

"நீ தூக்கிப் போட்டா நான் உள்ளயே இருந்து படிப்பேன். கிண்ணத்துல மெதுவா விழுந்தா வெளிய வரலாம்." பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "இன்னிக்கு ஒண்ணுமே கேக்கல. அதான் தெரியல."

"நான் உன்னைத் திட்டியிருக்கேனா?"

"இல்லயே."

"அப்புறம் இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?"

அவள் குழம்பிப்போனாள். இதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"யாரும் இல்ல. எல்லார் வீட்லயும் அப்படித்தானேப்பா?"

வாசலில் அப்பாவின் செருப்பு தனித்தனியாக விழும் சத்தம் அத்தனை வருடம் கழித்து அவர் காதில் கேட்டது. எழுப்பிய சுவரெல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தது. கதவும் தாழ்ப்பாளும்கூட இருந்தன.

"இல்லம்மா," என்றார். "எல்லார் வீட்லயும் இல்ல."

வாசலை ஒட்டித் தரையிலேயே உட்கார்ந்தார். மகள் உடனே வரவில்லை. அவர் எழுந்து நடக்கப் போகிறாரா என்று கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஆடிக்கொண்டிருந்த அவருடைய முழங்கால் மேல் கையை வைத்தாள்.